எல்லம்மா எண்ணிய நாட்கள்

காந்தாவுக்கு முதல் தடவை மூச்சு முட்டியது பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள். ஆஸ்டின் டவுன் சந்துகளில் பந்தல்கள் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு முக்கில் தமிழ்ப்பாட்டும் அடுத்த முக்கில் கன்னடப்பாட்டுமாக ஒலிபெருக்கிகள் அலறிக்கொண்டிருந்தன. மார்க்கெட் வேலை முடித்து எல்லம்மா சந்துக்குள் திரும்பியபோது அவள் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மருமகள் காந்தாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தாள் மமதா. ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸில் காந்தாவுக்குப் பக்கத்து மிஷின்காரி அவள்.

“இன்னா ஆச்சு?”

“காலர் வெச்சுக்கிட்டே இருந்தா. அப்படியே மிஷின் மேல தலைய சாய்ச்சிட்டாம்மா. சூப்பர்வைசரு, சும்னே நாடகம்னு சொல்றான். உதட்ட பாருங்க நீங்களே.”

உதடு வெளுத்துக் கிடந்தது. காந்தா வலது கையை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“தோள்பட்டைலேந்து குத்துது அத்தே. மூச்சு பாதி வரைக்கும்தான் போவுது.”

மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் ஒரு மாமியாருக்கு முதலில் என்ன தோன்றுமோ அது எல்லம்மாவுக்குத் தோன்றவில்லை. அது இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். முந்தின நாள் காலையில்தான் கொடியில் உள்பாவாடைக்கு அடியில் மறைத்துப் போட்டிருந்த துணியை அவள் பார்த்திருந்தாள்.

எல்லம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மருமகள் எந்த மாதம் எந்த நாளில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லுவாள். கல்யாணமாகி ஆறு வருஷம். ஆறு வருஷமும் மாதம் ஒரு தடவை அவள் கண் அந்தக் கொடிக்குப் போய்விடும். இருபத்தெட்டாம் நாள் தாண்டி இரண்டு நாள் ஆனால் போதும், மார்க்கெட்டிலிருந்து ஈரல் வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்துக் கொடுப்பாள். ஏன், எதற்கு என்று சொல்லமாட்டாள். முப்பத்தோராம் நாள் கொடியில் துணி தொங்கும். அன்றைக்கு வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக விழும்.

மற்றபடி இரண்டு பேருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஜான்சன் மார்க்கெட்டில் ஆட்டுத்தலையும் காலும் சுட்டுச் சுரண்டிக் கொடுப்பதும், குடல் கழுவுவதும்தான் எல்லம்மாவின் வேலை. இருபது வருஷமாக அதுதான். புருஷன் போன மறுவாரம் போய் உட்கார்ந்தவள். விடியும்போது போனால், கருகின மயிர் நாற்றமும் சுண்ணாம்புத் தண்ணியில் வெந்த விரலுமாகப் பதினொரு மணிக்குத் திரும்புவாள். காந்தா வேலைக்குப் போகும்முன் மாமியார் குளிக்க ஒரு தவலைத் தண்ணீரைக் காய்ச்சி மூடி, கணகணப்பு போகாமல் சாம்பல் சூட்டில் வைத்துவிட்டுப் போவாள். ஆறு வருஷத்தில் ஒரு நாள் அது தவறியதில்லை.

மகன் அசோகன் எம்.ஜி. ரோட்டில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட்மேன். தகவல் போய் அவன் காக்கிச் சட்டையோடு வந்து சேர, மூன்று பேருமாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்ரீரஞ்சனி என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, தமிழ்க்காரப் பெண், ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னாள்.

“இது இடது நுரையீரல், சரியா இருக்கு. வலது பக்கம் பாருங்க, சுருங்கி இவ்ளோதான் நிக்குது. எங்கயோ சின்ன ஓட்டை விழுந்து காத்து வெளிய கசிஞ்சிருக்கு. அந்தக் காத்து நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடைச்சுக்கிட்டு நுரையீரலை விரிய விடமாட்டேங்குது.”

“நல்லா இருந்தவளுக்கு எப்படி மேடம்?” என்றான் அசோகன்.

“நல்லா இருக்கிறவங்களுக்கும் தானா வரும். ஒல்லியா உயரமா இருக்கிற பசங்களுக்கு ஜாஸ்தி வரும். பொம்பளைங்களுக்குக் கம்மி.”

எல்லம்மாவுக்கு ஃபிலிம் புரியவில்லை, சொன்னது புரிந்தது. ஆட்டு நுரையீரலைத் தினம் கையில் எடுக்கிறவள். எடுத்த மாத்திரத்தில் பஞ்சு மாதிரி, தண்ணியில் போட்டால் மிதக்கும். கத்தி முனை பட்டு ஒரு இடத்தில் கிழிந்தால் கொஞ்ச நேரத்தில் துவண்டு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். அந்த ஈரத்துணி இப்போது இவளுக்குள்ளே கிடக்கிறது.

விலா எலும்புக்கு நடுவில் மரக்கவைத்து, ஒரு குழாயை உள்ளே விட்டார்கள். குழாயின் மறுமுனை கட்டிலுக்கடியில் ஒரு கண்ணாடி ஜாடித் தண்ணிக்குள் போயிற்று. காந்தா இருமும்போதெல்லாம் ஜாடியில் குமிழி வந்தது. “இந்த ஜாடிய யாரும் கட்டில் மேல தூக்கக்கூடாது. தண்ணி உள்ள போயிடும்” என்று நர்ஸ் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எல்லம்மா ஐந்து நாளும் அந்த ஜாடியோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் குமிழி நின்றது. குழாயை எடுத்துவிட்டு அனுப்பினார்கள்.

அக்டோபரில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வலது தோள் வலிக்கிறதென்றாள் காந்தா. எல்லம்மா தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டு நாளில் போய்விட்டது.

தீபாவளி வந்தது. விடியலில் எண்ணெய்க் கிண்ணத்தோடு எல்லம்மா கூப்பிட, “எனக்கு வேணாம் அத்தே” என்றாள் காந்தா. முகத்தைப் பார்த்தே எல்லம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிண்ணத்தை நங்கென்று வைத்தாள். மறுநாள் மத்தியானம், சந்தெல்லாம் பட்டாசுக் காகிதம் கிடக்க, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பலகாரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே காந்தா சுவரோடு சரிந்தாள். மறுபடியும் ஆட்டோ. மறுபடியும் குழாய், ஜாடி.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எல்லம்மாவுக்கு அது தட்டியது. பிள்ளையார் பண்டிகையின்போதும் கொடியில் துணி விழுந்த இரண்டாம் நாள். தைலம் தேய்த்தபோதும் இரண்டாம் நாள். இன்றைக்கும் இரண்டாம் நாள். அவள் மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். எண்ணிக்கை தப்பவில்லை. எழுந்து வார்டு வாசல் வரை போனாள். உள்ளே பெரிய டாக்டர் ஒருவரும் நாலைந்து பையன் டாக்டர்களும் கட்டிலைச் சுற்றி நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் எதை என்று சொல்லுவாள்? உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் கொடித்துணியைச் சொல்லுவாளா? திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சந்தேகத்துக்கு டிபி மாத்திரை ஆரம்பித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். “சளியில ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம ஊர்ல ரெண்டு தடவை இப்படி ஆனா அதத்தான் மொதல்ல நெனைக்கணும்” என்றார் பெரிய டாக்டர்.

டிபி என்ற ரெண்டெழுத்து அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காந்தாவுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி. அவளே எடுத்து வைத்துக்கொண்டாள், யாரும் சொல்லவில்லை. கார்மென்ட்ஸில் “உடம்பு தேறினப்புறம் பாக்கலாம்” என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரையில் ஒண்ணுக்குச் செக்கச்செவேலென்று போயிற்று. சோறு கண்டால் குமட்டியது. பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையை வாசலோடு தூக்கிக்கொண்டு போனாள். காந்தா அதைப் பார்க்காத மாதிரி கீரை ஆய்ந்தாள். அசோகன் டூட்டி முடிந்து வந்து அவள் தட்டிலேயே கை போட்டுச் சாப்பிட்டான். “தட்டு தட்டுன்னு இன்னாத்துக்கு பேஜார்?” என்றான். அவ்வளவுதான் அவன் பேசினது.

நவம்பர் கடைசியில் ஓசூரிலிருந்து எல்லம்மாவின் தம்பி சாமிநாதன் வந்தான். காந்தா குழாயடிக்குப் போயிருந்த நேரம்.

“இதப் பாரு அக்கா. நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டேன். புள்ளயும் இல்ல, இப்ப டிபி வேற. அசோகனுக்கு முப்பத்திரெண்டு ஆவுது. எங்க வீணா கீறா. வெளில எங்கயோ குடுக்கறதுக்கு…”

“அவ இன்னும் உசுரோட கீறாடா.”

“நான் இன்னா சாவச் சொன்னனா? அவங்க அம்மா வூட்ல, கோலார்ல, போய் இருந்து ஒடம்ப பாத்துக்கட்டும். வைத்தியத்துக்கு நாமளே செய்வோம்.”

எல்லம்மா எழுந்து டீயை வடிகட்டினாள். மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை என்பதுதான் சாமிநாதன் காதில் விழுந்தது. திருப்தியோடு டீ குடித்துவிட்டு ஓசூர் பஸ் பிடித்தான். எல்லம்மா அன்றைக்குப் பூராவும் தம்பி மகள் வீணாவின் இடுப்பில் ஒரு குழந்தை இருப்பதாக நினைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அந்த நினைப்பு இனித்தது. அதற்கு அடியில் தனக்குத் தெரிந்த ஒன்று முள்ளாக நின்றது. அதை அவள் தொடவில்லை.

டிசம்பரில் ஒன்றும் ஆகவில்லை. துணி தொங்கியது, காந்தா நன்றாகவே நடமாடினாள். “நாமதான் கண்டதையும் நெனச்சோம்” என்று எல்லம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். டாக்டருங்களுக்குத் தெரியாததா?

ரெண்டாயிரம் பிறந்தது. பிரிகேட் ரோட்டுக் கூட்டமும் வாணவேடிக்கையும் முடிந்து ஊர் தூங்கி வழிந்தது. ஜனவரி மூன்றாம் தேதி காலை காந்தா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நாலாம் தேதி எல்லம்மா மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

“இன்னா அத்தே, மணி ஆவுது?”

“காலு வலிக்குது. இன்னிக்கி போவல.”

குளிர். பனி விலகாமல் எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. அசோகன் காலை டூட்டிக்குப் போய்விட்டிருந்தான். எல்லம்மா அடுப்படியில் உட்கார்ந்து காந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்தா அரிசி களைந்தாள், உலையில் போட்டாள், குனிந்து அடுப்பில் விறகைத் தள்ளினாள். எழும்போது ஒரு கையைத் தூணில் ஊன்றினாள். வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை.

இந்தத் தடவை வேறு மாதிரி இருந்தது. ஆட்டோவில் எல்லம்மாவின் மடியில் கிடந்தவளின் கழுத்து நரம்புகள் புடைத்து நின்றன. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். சிக்னலில் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. “தாரி பிடி! வழி விடுங்க!” என்று எல்லம்மா ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள். காந்தாவின் கண் அவளையே பார்த்தபடி இருந்தது. சொல்லு என்று அந்தக் கண் கேட்பதாக அவளுக்குப் பட்டது. உண்மையில் அந்தப் பெண்ணுக்கு மூச்சைத் தவிர வேறு நினைப்பே இருந்திருக்காது.

ஸ்ட்ரெச்சரில் போட்டதும் ஸ்ரீரஞ்சனி ஓடிவந்தாள். எக்ஸ்ரே கிக்ஸ்ரே என்று காத்திருக்கவில்லை. நெஞ்சில் தட்டிப் பார்த்தாள், ஸ்டெத் வைத்தாள், நீள ஊசி ஒன்றைக் காறை எலும்புக்குக் கீழே இறக்கினாள். சைக்கிள் டியூப் காற்று இறங்குகிற மாதிரி உஸ்ஸென்று சத்தம் வந்தது. காந்தாவின் முகத்தில் நிறம் திரும்புவதை எல்லம்மா நின்றபடியே பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழாய் போட்டு முடித்து டாக்டரம்மா கை கழுவும்போது எல்லம்மா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“எனக்கு ஒண்ணு சொல்லணும்மா.”

“சொல்லுங்க.”

“அவளுக்கு… மாசா மாசம் ஆவறப்பதான் இது வருது. ரெண்டாம் நாளு. பிள்ளையார் பண்டிகைக்கு அப்படித்தான். தீபாவளிக்கு அப்படித்தான். நேத்து குளிச்சா, இன்னிக்கி வந்துச்சு.”

ஸ்ரீரஞ்சனி தண்ணீர்க் குழாயை மூடினாள். “நல்லா ஞாபகம் இருக்கா? தேதியோட?”

“செப்டம்பர் பதிமூணு. அக்டோபர் பதினொண்ணு, அந்தத் தடவ தோள்வலி மட்டும். நவம்பர் ஏழு, எண்ண குளியல் அன்னிக்கி. டிசம்பர் ஆறு, ஒண்ணும் ஆவல. நேத்து மூணாந்தேதி.”

“இவ்வளவு கரெக்டா எப்படிம்மா?”

எல்லம்மா தன் விரல்களைப் பார்த்தாள். “ஆறு வருசமா எண்ணிக்கினு கீறேம்மா” என்றாள். ஸ்ரீரஞ்சனி பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

பெரிய டாக்டர் வந்தார். கன்னடத்தில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை அதையே கேட்டார். பிறகு காந்தாவிடமே கேட்டார்கள். வயிற்று வலி உண்டா? உண்டு, வயசுக்கு வந்ததிலிருந்தே உண்டு, உயிர் போகிற மாதிரி, எல்லாருக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டிபி மாத்திரையை நிறுத்தினார்கள். பத்து நாள் கழித்து நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நாலு மணி நேரம்.

முடிந்ததும் ஸ்ரீரஞ்சனி அசோகனையும் எல்லம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னாள். கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரி ஒன்று வெளியே எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவிலிருக்கிற தசையில் கருப்புப் புள்ளி புள்ளியாகவும் சின்னச் சின்ன ஓட்டையாகவும் இருந்தது, தைத்தாயிற்று. மாதம் ஆகும்போது அதுவும் கசியும், அந்த வழியாகக் காற்று ஏறும்.

“இனிமே கொஞ்ச காலத்துக்கு மாசம் ஆகாம இருக்க ஊசி போடணும். ஆறு மாசம், அப்புறம் பார்க்கணும்.”

“அப்ப புள்ள…” என்றாள் எல்லம்மா.

“இத்தனை வருஷம் உண்டாகாததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம்மா. அப்புறமும் கஷ்டம்தான். முடியாதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இப்ப அது பேச்சே இல்ல.”

அசோகன் தலையை ஆட்டினான். “அவ இருந்தா போதும் மேடம்” என்றான். கட்டிய புருஷன் அதைச் சொன்னது சரிதான். எல்லம்மாவால் அப்படி ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் காந்தாவை வார்டுக்கு மாற்றினார்கள். மணிக்குப் பத்துத் தடவை இருமச் சொல்லியிருந்தார்கள், சளி கட்டாமலிருக்க. தையல் போட்ட பக்கம் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும், தனியாக முடியாது. பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அடங்கியிருந்தது. காந்தா கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

“நீங்க எண்ணிக்கினு இருந்தது எனக்குத் தெரியும் அத்தே. துணிய பாவாடைக்குள்ள மறைச்சிப் போடுவேன். எப்படியும் பாத்துடுவீங்க. அன்னிக்கெல்லாம் பாத்திரம் சத்தம் கேக்கும்.”

எல்லம்மா ஜாடியைப் பார்த்தாள்.

“அன்னிக்கி ஏன் மார்க்கெட் போவல?”

“எப்ப?”

“கால் வலின்னீங்களே. ஆனா கால் வலிக்கிறவங்க மாதிரி நடக்கல. என்னியே பாத்துக்கினு ஒக்காந்திருந்தீங்க.” காந்தா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “எப்ப தெரிஞ்சுது ஒங்களுக்கு?”

பொய் வாயில் ரெடியாக இருந்தது. முந்தின நாள்தான் என்று சொல்லியிருக்கலாம்.

“தீபாவளிக்கு.”

“ரெண்டு மாசம்.”

“ஆமா.”

“வெக்கமா?”

“வெக்கம்தான்.” எல்லம்மா நிறுத்தினாள். “அது மட்டும் இல்ல. சாமிநாதன் வந்துட்டுப் போனான்.”

சாமிநாதன் எதற்கு வந்தான் என்று காந்தா கேட்கவில்லை. குழாயடியில் பெண்கள் அவளுக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. எல்லம்மா முந்தானையை எடுத்தாள், நீட்டத் தைரியமில்லாமல் வைத்துக்கொண்டாள்.

காந்தா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “இருமணும். புடிங்க.”

எல்லம்மா கட்டிலேறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு கையால் முதுகைத் தாங்கி, மறுகையால் தலையணையைத் தையலோடு அழுத்தினாள். காந்தா இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் உடம்பு முழுக்க அவள் மேல் விழுந்தது. வேறு யார் மேலும் விழ அங்கே ஆள் இல்லை. பத்து எண்ணி முடிந்ததும், “போதும், விடுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகும் காந்தா அதைப் பற்றிப் பேசவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. சொல்லிவிடுவாள், இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று எல்லம்மா தினம் காத்திருந்தாள். சாமிநாதன் மறுபடி வந்தபோது, “உம் பொண்ண வேற எடத்துல குடு” என்று வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். அவன் கோபித்துக்கொண்டு போனான். காந்தா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், ஆனால் எதுவும் மாறவில்லை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அத்தே என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மமதா வந்தாள். கார்மென்ட்ஸில் புது லைன் போடுகிறார்கள், டிபி இல்லையென்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் காந்தாவைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சந்தோஷமான நாள். எல்லம்மா தலைக்கறி வைத்திருந்தாள். நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அசோகன் அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பேசினான்.

“அத்தன டாக்டருங்களுக்குத் தெரியல மமதா. எங்கம்மாதான் கண்டுபுடிச்சாங்க. அம்மா வாயத் தொறக்கலன்னா இவ இல்ல இன்னிக்கி.”

“ஹௌதா, நெஜமாவா? படிக்காதவங்க எப்படிம்மா…” என்று மமதா வியந்தாள்.

காந்தா குனிந்து சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். எல்லம்மா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். 

“இல்லடா” என்றாள். “எனக்குத் தீபாவளிக்கே தெரியும். ரெண்டு மாசம் வாயத் தொறக்கல. வீணாவ ஒனக்குக் கட்டலாம்னு எம் மனசுல ஒரு ஆச. அந்த ரெண்டு மாசத்துலதான் இவ சாவப் பாத்தா.”

மமதா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அசோகன் அம்மாவைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் காந்தா.

அவன் கை கழுவாமல் எழுந்து வெளியே போனான். மமதாவும் எதையோ சொல்லிக்கொண்டு கிளம்பினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

எல்லம்மா எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் காந்தா மெதுவாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு சொன்னாள்:

“நான் சொல்லியிருந்தா அவரு நம்பியிருக்க மாட்டாரு. நீங்க சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“மன்னிச்சிடு காந்தா.”

“இன்னும் முடியல.” அதில் கோபம் இல்லை, மாடிப்படி ஏற இன்னும் முடியவில்லை என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மமதா வைத்துவிட்டுப் போன தட்டை எடுத்துத் தன் தட்டோடு சேர்த்தாள். எழுந்திருக்கும்போது வலது பக்கம் தையல் தழும்பு இழுத்தது. முகம் சுளித்து அப்படியே நின்றாள். எல்லம்மா இடது கையை நீட்டினாள். காந்தா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்புறம் கையை விட்டுவிட்டு, தட்டுகளோடு மழை விழுகிற முற்றத்துக்குப் போனாள்.